ஓட்டு இல்லாத தம்பி

அமெரிக்காவில் நான் போட்ட முதல் ஓட்டு 2020 மார்ச் 3-ம் தேதி. பாஸ்டனுக்கு மேற்கே, ஃப்ரேமிங்ஹாமில், எங்கள் வட்டாரப் பள்ளிக்கூடம் ஒன்றில். மேசையில் இருந்த பாட்டி முதலில் தெருப் பெயரைக் கேட்டார், அப்புறம் வீட்டு எண், அதற்குப் பிறகுதான் என் பெயர். எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்றும் கேட்டார். மாசசூசெட்ஸில் எந்தக் கட்சியிலும் சேராதவர்கள்கூட அன்றைக்கு ஒரு கட்சியின் சீட்டை வாங்கி, அந்தக் கட்சிக்கு யார் ஜனாதிபதி வேட்பாளராக வரவேண்டும் என்று சொல்லலாம். டெமாக்ரட் சீட்டை வாங்கி எலிசபெத் வாரன் பெயருக்குப் பக்கத்திலிருந்த வட்டத்தைக் கறுப்புப் பேனாவால் நிரப்பினேன். அதே சீட்டில் புட்டிஜெஜ், குளோபுச்சர், யாங், புக்கர் என்று ஏற்கெனவே விலகிப் போனவர்களின் பெயர்களும் அப்படியே இருந்தன. விரலில் மை இல்லாமல் வெளியே வந்தபோது ஏதோ குறைந்த மாதிரி இருந்தது.

அந்த வட்டத்தை நிரப்ப எனக்குப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது. 2006-ல் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கணவரோடு வந்தேன். எச்-4 விசா, அதாவது வேலைக்கு வந்தவரின் மனைவி. அப்போது அந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது, ஓட்டுக் கிடையாது. 2008-ல் ஒபாமா ஜெயித்த இரவு தெருவில் கார் ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள், நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். 2012-ல் கிரீன் கார்டு வந்தது. 2018-ல் பாஸ்டன் ஃபேனல் ஹாலில் கையை உயர்த்திக் குடியுரிமை உறுதிமொழி எடுத்தேன். வெளியே வந்ததும் வாக்காளர் பதிவுப் படிவத்தை நீட்டினார்கள். அந்தப் படிக்கட்டிலேயே நின்று நிரப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஊரில் கட்சி வேட்பாளரைத் தலைமைதான் முடிவு செய்யும். பட்டியல் வெளியாகும் இரவில் சீட் கிடைத்தவர் வீட்டில் வெடி, கிடைக்காதவர் வீட்டில் முற்றுகை. வாபஸ் என்றாலே பின்னால் ஏதோ பேரம் நடந்திருக்கிறது என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம். இங்கே பிரைமரி என்ற இந்த உட்கட்சித் தேர்தலில், யாரை நிறுத்துவது என்று ஓட்டுப் போட்டுச் சொல்வது சாதாரண மக்கள். ஒரு வருடம் முழுக்க அந்த வேட்பாளருக்காகக் கதவு தட்டுகிறார்கள், போன் போடுகிறார்கள், பத்து இருபது டாலர் அனுப்புகிறார்கள். அதனால் அவர் விலகும்போது தோற்பவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. இது எனக்கு அனுபவப்பட்டுத்தான் புரிந்தது.

நான் வாரன் பக்கம் போனதற்குக் காரணம் ஒரு ஆன்ட்டி. இளம் வயதில் வேலையும் குழந்தைகளுமாகத் திண்டாடி வேலையை விட்டுவிட இருந்தபோது, தன் ஆன்ட்டி ஏழு பெட்டிகளோடு வந்து இறங்கி 16 வருடம் கூடவே இருந்தார் என்று வாரன் கூட்டங்களில் சொல்வார். எல்லாருக்கும் அப்படி ஓர் ஆன்ட்டி வாய்ப்பதில்லை, அதனால்தான் எல்லாருக்கும் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பார். என் அம்மா ஆறு மாத விசாவில் இரண்டு முறை வந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, அழுதுகொண்டே திரும்பிப் போனவர். இந்த ஊர் அரசியலில் ஒருவர் என் வீட்டுக் கதையைப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

தம்பி, வாரனை எதிர்த்து அதே கட்சியில் நின்ற பெர்னி சாண்டர்ஸ் பக்கம். விருதுநகர்க்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன், எச்1பி விசாவில் சாஃப்ட்வேர் வேலை. ஆஷ்லாந்து லட்சுமி கோயிலில் பழக்கமாகி, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகிற உறவு. அவனுக்கும் காரணம் இருந்தது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிய இடைவெளியில் இன்சூரன்ஸ் இல்லாத ஓர் இரவு, அவன் மனைவியை எமர்ஜென்சிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அந்தப் பில்லை ஒரு வருடம் தவணையில் கட்டினான். எச்1பி-யில் வேலை போனால் 60 நாளில் வேறு வேலை தேட வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வேலையோடு விசா, வேலையோடு மருத்துவம். “வேலை இருக்கோ இல்லையோ, எல்லாருக்கும் வைத்தியம்னு ஒரு மனுஷன் முப்பது வருஷமா சொல்லிட்டிருக்காருக்கா” என்பான்.

அவனுக்கு ஓட்டு இல்லை. நன்கொடையும் கொடுக்க முடியாது, சட்டம் தடுக்கிறது. ஆனால் சம்பளம் வாங்காமல் தொண்டராக உழைக்கலாம். உழைத்தான். பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ஷைரில் பிப்ரவரி 11 தேர்தல். ஜனவரி தொடக்கத்தில் சனிக்கிழமைகளில் ஒரே காரில் நாஷுவாவுக்குப் போவோம். ரூட் 3-ல் ஏறினால் இளையராஜா பாட்டு, என் இட்லி, அவன் ஃபிளாஸ்க் காபி. நான் வாரன் அலுவலகத்தில் இறங்கிக்கொள்வேன், அவன் சாண்டர்ஸ் அலுவலகத்துக்குப் போவான். சாயங்காலம் இருட்டியதும் வந்து என்னை ஏற்றிக்கொள்வான். பனியில் விரல் மரத்துப்போய், யார் வீட்டில் நாய் துரத்தியது, யார் உள்ளே கூப்பிட்டுச் சூடாகச் சாக்லேட் கொடுத்தார்கள் என்று பேசிக்கொண்டே வருவோம். இந்த நாட்டில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நாட்கள் என்று கேட்டால் அந்தச் சனிக்கிழமைகளைத்தான் சொல்வேன்.

அதற்கு முன்னாலேயே முதல் கீறல் விழுந்திருந்தது. 2019 டிசம்பர் 3-ம் தேதி கமலா ஹாரிஸ் பணம் போதவில்லை என்று விலகினார். அவருடைய தாத்தாவின் ஊர் துளசேந்திரபுரம் எங்கள் மன்னார்குடிக்குப் பக்கம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் “நம்ம பொண்ணு” என்று கொண்டாடிய பெண்கள் அன்று வாய் பேசவில்லை. அதற்குள் ஒருவர் “சரி, அடுத்து யாருக்கு வேலை செய்யப்போறீங்க?” என்று எழுதினார். அதைப் பார்த்து இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போனார்கள். அன்று எனக்கு அந்தக் கோபம் புரியவில்லை.

ஜனவரி 13-ம் தேதி அந்தச் செய்தி வந்தது. ஒரு பெண் ஜெயிக்க முடியாது என்று 2018-ல் சாண்டர்ஸ் தன்னிடம் தனியாகச் சொன்னதாக வாரன் தரப்பு. அப்படிச் சொல்லவே இல்லை என்று சாண்டர்ஸ். மறுநாள் அயோவா விவாத மேடையில், எல்லாம் முடிந்தபிறகு, சாண்டர்ஸ் நீட்டிய கையை வாரன் பிடிக்கவில்லை. அன்றிரவிலிருந்து வாரனைப் பற்றி எதை எழுதினாலும் அடியில் பாம்புப் படங்களாக வந்து விழுந்தன. தம்பி பாம்புப் படம் போட்டவன் இல்லை. ஆனால் அப்படி ஒன்று எங்கள் குழுவுக்கு வந்தபோது அவன் ஒன்றும் சொல்லவுமில்லை. அடுத்த சனிக்கிழமை நான் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு நாஷுவா போனேன்.

நியூ ஹாம்ஷைரில் சாண்டர்ஸ் முதலாவது, வாரன் நாலாவது. பக்கத்து மாநிலத்திலேயே நாலாவது என்றால் கதை முடிந்துவிட்டது என்று எங்களுக்கும் தெரியும். தெரிந்தும் வேலை செய்தோம். மார்ச் 1-ல் புட்டிஜெஜ் விலகினார், 2-ல் குளோபுச்சர் விலகினார், இருவரும் பைடனுக்கு ஆதரவு சொன்னார்கள். மறுநாள் 14 மாநிலங்களில் தேர்தல். “அவங்க ஒத்துமையா ஒருத்தர் பின்னாடி நின்னுட்டாங்க. உங்க ஆளு மட்டும் ஏன் நகரல?” என்று சாண்டர்ஸ் ஆட்கள் எங்களைக் கேட்டார்கள்.

மாசசூசெட்ஸ் வாரனின் சொந்த மாநிலம். அங்கேயே பைடனுக்குச் சுமார் 33 சதவீதம், சாண்டர்ஸுக்கு 27, வாரனுக்கு 21. இருபத்தேழையும் இருபத்தொன்றையும் கூட்டிப் பார்த்துத்தான் சண்டை முழுக்க. கூட்டினால் 48 வருகிறதே, நீங்கள்தானே கெடுத்தீர்கள் என்றார்கள். ஓட்டு அப்படி மொத்தமாகக் கைமாறாது. என்னோடு கதவு தட்டிய பெண்களில் பாதிப்பேர், வாரன் இல்லையென்றால் பைடனுக்குப் போட்டிருப்பார்கள். பாம்புப் படங்களைப் பார்த்த பிறகு அந்தப் பாதி இன்னும் கூடியிருக்கும். அதே சமயம் 15 சதவீதத்துக்குக் கீழே போன இடங்களில் வாரனுக்கு விழுந்த ஓட்டு, வேட்பாளரை முடிவு செய்யும் கட்சி மாநாட்டுக்கு ஒரு பிரதிநிதியைக்கூடத் தரவில்லை என்று தம்பி சொன்னதும் உண்மைதான். 2016-ல் நேர்மாறான புகார் இருந்தது. உட்கட்சித் தேர்தலில் ஹிலாரி ஜெயித்துவிட்டார் என்று தெரிந்தும் ஜூலை 12 வரை சாண்டர்ஸ் ஏன் இழுத்தடித்தார் என்று. அந்தப் பழைய புண்ணும் இந்தச் சண்டையில் திறந்துகொண்டது.

மார்ச் 5-ம் தேதி வாரன் கேம்பிரிட்ஜில் தன் வீட்டு வாசலில் நின்று விலகுவதாகச் சொன்னார். யாருக்கு ஆதரவு என்று சொல்லவில்லை. ஜனாதிபதிக்குப் போட்டியிடுவது பெண்கள் செய்கிற வேலை, மறக்காதே என்று சின்னப் பெண்களின் சுண்டு விரலைக் கோத்து அவர் சத்தியம் வாங்குவார். அந்தப் பெண்கள் இன்னும் நாலு வருடம் காத்திருக்க வேண்டுமே என்று சொன்னபோது அவர் குரல் தடுமாறியது. நான் அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தம்பி குழுவில் எழுதினான்: “அக்கா, இப்பவாவது பெர்னி பக்கம் வாங்க. உடனே சொல்லலைன்னா அது துரோகம்.” ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பதினாறாம் நாள் வரை பாகப்பிரிவினையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். நான் பதில் எழுதினேன்: “ஓட்டே இல்லாத உனக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு?”

எழுதியது நான். பன்னிரண்டு வருடம் ஓட்டில்லாமல் ஜன்னலில் நின்று பார்த்த நான். அவன் பதில் சொல்லவில்லை. குழுவை விட்டு வெளியேறினான் என்ற சாம்பல் நிற வரி மட்டும் வந்தது.

ஐந்தே நாளில், மார்ச் 10-ம் தேதி, கொரோனாவுக்காக எங்கள் மாநிலத்தில் அவசரநிலை. பள்ளிக்கூடம் மூடியது, கோயில் மூடியது. தம்பியின் மனைவிக்கு மாத முடிவில் பிரசவம். பார்த்துக்கொள்ள அவன் அம்மா வருவதாக இருந்தது, டிக்கெட்டும் போட்டாயிற்று. மார்ச் 22-ம் தேதியோடு இந்தியா சர்வதேச விமானங்களை நிறுத்தியது. பெண் குழந்தை என்று என் கணவர் மூலம்தான் தெரிந்தது. இரண்டு பேரும் புதுசு, கூட ஒரு பெரியவர்கள் இல்லை. சுக்கும் திப்பிலியும் என் அலமாரியில் இருந்தன. லேகியம் கிளறினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூண்டுக் குழம்பும் மிளகு ரசமும் எவர்சில்வர் தூக்கில் வைத்து அவர்கள் அபார்ட்மென்ட் வாசலில் வைத்துவிட்டு, காருக்குத் திரும்பி வந்து ஒரு மெசேஜ் போடுவேன். “நன்றிக்கா” என்று வரும். அவ்வளவுதான்.

ஏப்ரல் 8-ம் தேதி சாண்டர்ஸ் விலகினார். முந்தின நாள்தான் விஸ்கான்சினில் மக்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டிருந்தார்கள். தன் ஊரான பர்லிங்டனிலிருந்து நேரலையில் பேசினார். பைடனைவிடச் சுமார் 300 பிரதிநிதிகள் பின்னால் இருக்கிறோம், இனி ஜெயிக்க வழியில்லை என்றார். முழுக்கப் பார்த்தேன். பேச்சு முடிவதற்குள் வாரனுக்கு வேலை செய்த எங்கள் பெண்கள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். இனியாவது சாண்டர்ஸ் ஆட்கள் பைடனுக்குப் போடுவார்களா, இல்லை 2016 மாதிரி முறைத்துக்கொண்டு வீட்டில் உட்காருவார்களா, இன்றைக்கே சொல்லட்டும் என்று. மார்ச் 5-ல் எங்களுக்கு வந்த அதே வார்த்தைகள். நானும் ஒன்று தட்டி வைத்திருந்தேன். அனுப்பாமல் அழித்தேன்.

அன்றைக்குச் சாப்பாட்டு முறை இல்லை, ஆனாலும் சமைத்துக் கொண்டுபோனேன். இந்தத் தடவை வாசலில் வைத்துவிட்டுக் காருக்குள் போய் உட்காரவில்லை. கார் நிறுத்துமிடத்தில் நின்று போன் பண்ணினேன். முதல் மாடி பால்கனிக்கு வந்தான், தோளில் குழந்தை. கம்பியில் கட்டியிருந்த நீல நிற பெர்னி அட்டை மழையில் நனைந்து சுருண்டிருந்தது.

“பார்த்தேன் தம்பி. கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்த்தேன்” என்றேன்.

“முடிஞ்சுபோச்சுக்கா.”

“அன்னைக்கு ஓட்டு பத்தி நான் சொன்னது தப்பு. நீ தட்டின கதவுல பாதிகூட நான் தட்டலை.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான். “நானும் அன்னைக்கு ஒரு நாள் பொறுத்திருக்கலாம்” என்றான். அப்புறம் நாஷுவாவில் ஒரு கிழவர் ஐந்து தடவை கதவைச் சாத்திவிட்டு ஆறாவது தடவை கேட்டுக்கொண்டாரே, அவர் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார் என்று கேட்டான். பைடன் பேச்சை நான் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. குழந்தை சிணுங்கியது. ரசம் ஆறிவிடும், எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் காலை என் வீட்டு வாசற்படியில் தூக்கு இருந்தது. கழுவித் துடைத்து, அடியில் ஒரு பிடி சர்க்கரை போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தான்.