ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு

ஜனவரி 6
நம் ஹார்ட் ராக் ஆல்பத்தின் மிக்ஸ் (பதிந்த ஒலிகளைச் சேர்க்கும் வேலை) முடிந்தது என்று நேற்று எழுதியதை அடித்துவிடுகிறேன். டிரம் செட்டின் ஸ்னேர் ஒல்லியாகக் கேட்கிறது. மேலே ஒரு மைக், அடியில் ஒரு மைக். குச்சி பட்டதும் மேல்தோல் மேல் மைக்கை விட்டு விலகும், அடித்தோல் அடி மைக்கை நோக்கி வரும். இரண்டு அலையும் எதிரெதிராகச் சேர்ந்து கனத்தைத் தின்றுவிடுகின்றன. அடி மைக்கின் போலாரிட்டியை, அதாவது அலையை மேல்கீழாக, திருப்பியதும் உடம்பு வந்துவிட்டது. ஒன்பது பாட்டிலும் திருப்பணும்.

ஜனவரி 7
கிட்டார் கெயினை (ஒலியைக் கரகரப்பாக்கும் பெருக்கத்தை) குறைத்துப் பதிந்தது சரிதான். மேடையில் வைக்கிற அளவுக்கு டிஸ்டார்ஷன் வைத்து இடமும் வலமும் அடுக்கினால் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) கூழாகிவிடும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக வாசித்தாகணும். ஒரே டேக்கை நகலெடுத்துப் போட்டால் நடுவில் வந்துதான் நிற்கும்.

ஜனவரி 11
இசைத்தட்டின் ஏ பக்கம் 23 நிமிடம் 10 விநாடி. தூக்கம் வரவில்லை.

ஜனவரி 12
ஐந்தாவது பாட்டு. அதுதான் ஏ பக்கத்தின் கடைசி, ஆல்பத்திலேயே வேகமானதும் அதுதான். முழுக்க கிராஷ் சிம்பல், பல்லவியில் அடுக்கடுக்காக 'ஸ்'. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்றுதான் சுற்றும். வெளி விளிம்பில் ஊசிக்கடியில் விநாடிக்கு 50 செ.மீ. தடம் ஓடுகிறது, உள்ளே போகப் போக 21 செ.மீ. ஆகிவிடும். அதே சிம்பல் ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கியடித்து நிற்கிறது. ஊசியால் அந்த நெளிவுகளுக்குள் நுழைய முடியாது. 'ஸ்' எல்லாம் எச்சில் தெறிப்பதுபோல் கரகரக்கும். போதாததற்கு 23 நிமிடம் என்றால் தடங்களை நெருக்கி, சத்தத்தையும் குறைத்துத்தான் வெட்டுவார்கள். ஹார்ட் ராக்கைச் சன்னமாக வெட்டுவதா!

'ஸ்' ஒலியை அடக்கும் டி-எஸ்ஸரை 7 கிலோஹெர்ட்ஸில் வைத்துப் பார்த்தாயிற்று. குரல் மழுங்குகிறது.

ஜனவரி 13
வரிசையை மாற்றவே வேண்டாம்! தட்டைத் திருப்பும் இடத்தை மாற்றினால் போதும். ஐந்தாவது பி பக்கத்தின் முதல் பாட்டு. 4.05 நிமிடம் அங்கே போனால் ஏ 19.05, பி 20.25. ஏ பக்கம் மெதுவான நான்காவதில் முடியும். உள்விளிம்புக்குத் தோதான பாட்டு.

ஜனவரி 14
பாடகர் ஒப்பவில்லை. நான்காவதின் முடிவில் வரும் ஃபீட்பேக்கிலிருந்துதான் (கிட்டாரின் நீண்ட ஊளை) ஐந்தாவது வெடிக்கிறது. நியாயம்தான்.

ஜனவரி 19
ஃபீட்பேக் தட்டில் மட்டும் 20 விநாடி கூடுதலாக இழுத்து ஓயும். ஒப்புக்கொண்டார்.

ஜனவரி 27
டிஜிட்டல் மாஸ்டர் (வெளியீட்டுக்கான இறுதிப் பிரதி) மைனஸ் 7 லஃப்ஸில் வந்திருக்கிறது; லஃப்ஸ் சத்தத்தின் அளவு. ஸ்பாட்டிஃபை அதை மைனஸ் 14-க்கு இறக்கிவிடும். சத்தத்தைக் கூட்டப் போய் நசுங்கின டிரம்தான் மிச்சம். மைனஸ் 10-இல் திரும்பக் கேட்டிருக்கிறது. இசைத்தட்டுக்குத் தனி மாஸ்டர், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மோனோ, இடமும் வலமும் ஒரே ஒலி. பேஸ் இடமும் வலமும் எதிரெதிராக ஆடினால் ஊசி மேலும் கீழும் துள்ளித் தடத்தை விட்டே எகிறிவிடும்.

பிப்ரவரி 13
வெள்ளி. 1970-இல் இதே தேதி, இதே கிழமையில்தான் பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம் வந்தது. பெரும்பகுதி ஒரே நாளில் பதிந்தது. இங்கே ஸ்னேருக்கே ஒரு வாரம். நம்முடையது ஏப்ரல் 24, அதுவும் வெள்ளி.

மார்ச் 24
டெஸ்ட் பிரஸ்ஸிங், சோதனைக்கு அச்சடித்த ஐந்து தட்டு வந்துவிட்டது. ஐந்தாவது பாட்டில் 'ஸ்' கண்ணாடி மாதிரி சுத்தம். இரண்டு முறை கேட்டேன்.

மார்ச் 25
நான்காவது பாட்டின் முடிவில், ஃபீட்பேக் ஓயும் இடத்தில் ஒரு 'டிக்'. ஒரு தட்டில் மட்டும் இருந்தால் தூசி, இல்லை அந்தத் தட்டின் கோளாறு. எல்லாவற்றிலும் அதே சுற்றில் இருந்தால் தட்டை அச்சடிக்கும் ஸ்டாம்பரிலோ அதற்கு முந்தைய வெட்டிலோ குறை. புதிதாகச் செய்யணும், ஏப்ரல் 24 கைவிட்டுப் போகும். கழுவித் துடைத்து நான்கு தட்டு கேட்டாயிற்று. நான்கிலும் அதே இடம்.

ஐந்தாவது தட்டை இன்னும் உறையிலிருந்து எடுக்கவில்லை.