வேப்பம்பூவுக்கு எத்தனை இதழ்?

எங்கள் மனையியல் ரீச்சர் காலமான செய்தி மாசி மாதக் கடைசியில் ரொறன்ரோவுக்கு வந்தது. வெளியே முழங்காலளவு பனி. எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ என்று சங்கச் செயலாளர் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ரீச்சரைப் பற்றி இப்படி எழுத வேண்டிவரும் என்று நினைக்கவில்லை.

அந்த வகுப்பை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. செவ்வாய் கடைசி இரண்டு பாடம், கிணற்றடிப் பக்க அறை, "பிள்ளை, உதைத் திருப்பும்." பூவேலையை நீட்டினால் ரீச்சர் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்.

1993ஆம் ஆண்டு, பத்தாம் வகுப்பு. போரால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் போய் மூன்று வருடம். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, கொஞ்சமாக மண்ணெண்ணெய் விட்ட விளக்கு. அந்த வெளிச்சத்தில் ஓர் இளநீலத் துணியில் கைக்குட்டை தைத்தேன். அம்மாவின் பழைய ஆங்கிலப் புத்தகத்தில் இருந்த ரோசாப்பூவைப் பார்த்து வரைந்தது. நூல் வாங்க முடியாததால் அம்மம்மாவின் கிழிந்த சீலைக் கரையிலிருந்து சிவப்பு இழைகளை உருவி எடுத்தேன். நாலு இரவு வேலை.

ரீச்சர் வாங்கித் திருப்பினார். பின்பக்கம் முழுக்க முடிச்சு, ஒரு பூவிலிருந்து மற்றப் பூவுக்குத் தாவிய நூல். உயர்த்தி எல்லோருக்கும் காட்டினார். அப்புறம், "ரோசா இலையின்ரை ஓரம் எப்பிடி இருக்கும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

"பாக்காததை ஏன் தைச்சனீர்? பிரியும்."

முழு வகுப்பும் பார்க்க, மேசைக்குப் பக்கத்தில் நின்று பிரித்தேன். துணியில் ஊசித் துளைகள் மட்டும் மிஞ்சின. அன்றைக்கு ரீச்சரை வெறுத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

பங்குனி வந்தது. கிணற்றடி வேம்பு பூத்துக் கொட்டியது. வடகத்துக்குப் பூப் பொறுக்க, பாய் விரித்து எங்களை மரத்தின் கீழ் விட்டார். நான் குனிந்திருந்தபோது வந்து என் உள்ளங்கையில் ஒரு பூவை வைத்தார். "எண்ணும்." ஐந்து. அரிசிமணி அளவில் ஐந்து வெள்ளை இதழ்கள், வெளிப்பக்கமாக வளைந்து, நடுவில் ஒரு குட்டிக் குழல். பதினைந்து வருடம் அந்த மரங்களுக்குக் கீழே வளர்ந்தவள், அன்றுதான் பார்த்தேன்.

பிரித்த அதே துணியில், துளைகளுக்கு மேலேயே வேப்பம்பூக் கொத்துத் தைத்தேன். காம்புத் தையலில் தண்டு. இதழுக்கு ஒரு சங்கிலிக் கண்ணி. நூல் நுனியை முடிச்சுப் போடாமல் பின்பக்கத் தையலுக்குள் நுழைத்து ஒளித்தேன். ரீச்சர் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த பிள்ளையின் துணிக்குக் கை நீட்டினார். அவரிடம் படித்தவர்களுக்கு அது என்ன பாராட்டு என்று தெரியும்.

கேக்கும் அப்படித்தான் பழக்கினார். அவண் கிடையாது. பெரிய சருவச்சட்டியில் மணல் பரப்பி, உள்ளே தட்டை இறக்கி, மூடியின் மேல் சிரட்டைக்கரித் தணல். "மணியைப் பாக்காதையுங்கோ, மணத்தைப் பாருங்கோ." மணம் மாறியதும் ஈர்க்கைக் குத்திப் பார்ப்போம். இன்றைக்கும் என் அவணில் 350 பாகை பரனைற் வைத்துவிட்டு, ரவைக் கேக் வாசம் மாறும்வரை குசினியை விட்டு நகர மாட்டேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால் ஊரை விட்டு இடம்பெயர்ந்த எல்லோரோடும் நாவற்குழிப் பாலம் தாண்டினோம். கைக்குட்டை வீட்டு அலுமாரியில் இருந்தது. பிறகு கிடைக்கவில்லை. 1997இல் இங்கே வந்தேன். ரீச்சரிடம் சொல்லிக்கொண்டு வரவில்லை.

2011இல்தான் ரீச்சரின் தொலைபேசி இலக்கம் தேடி எடுத்துக் கதைத்தேன். என் சம்பளத்தையோ வீட்டையோ அவர் கேட்கவில்லை. "அங்கை பனி உருகினாப் பிறகு என்ன பூக்கும்?" என்றார். ரியூலிப் என்றேன். "ஒரு தண்டிலை எத்தனை பூ? இலை எப்பிடி?" பதினான்கு வசந்தம் அதைக் கடந்து பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறேன். "பாக்கேல்லை ரீச்சர்." "சரி, பாத்திட்டுச் சொல்லும்."

அந்த ஐப்பசியிலேயே கிழங்கு வாங்கி ஒரு சாண் ஆழத்தில் நட்டேன். மூன்று நான்கு மாதம் மண்ணுக்குள் குளிர் பட்டால்தான் அது ஒழுங்காகப் பூக்கும். பூத்தது. ஊசியும் நூலும் திரும்பக் கைக்கு வந்தன. இங்கத்தைய ஹைபார்க் பூங்காவின் செரிப்பூவுக்கும் ஐந்து இதழ், நுனியில் சின்ன வெட்டு, அதையும் தைத்தேன். வேலைக்குப் போகிற வழியில் இப்போது ஏதாவது ஒன்று என்னை நிறுத்திவிடுகிறது. ஆனால் ரீச்சருக்குத் திரும்ப எடுக்கவில்லை. இரண்டு வேலை, பிள்ளைகள், அங்கே இரவென்றால் இங்கே பகல். இத்தனை வருடத்துக்கு அவை போதிய காரணமில்லை.

ரீச்சர், ஒரு தண்டுக்கு ஒரு பூ. ஆறு இதழ், மூன்று வெளியே, மூன்று உள்ளே. இலை நீளமாய், சாம்பல் பூத்த பச்சையாய், அடித்தண்டைச் சுற்றிப் பிடித்திருக்கும். வெயில் ஏறினால்தான் விரியும், பொழுதுபட மூடிக்கொள்ளும். விடியமுன் வேலைக்குப் போய் இருட்டில் திரும்பி வருகிறவர்களுக்கு அது எப்போதும் மொட்டாகத்தான் தெரியும்.