பாங்காக்கில் ஒரு திருவெம்பாவை

சென்னையில் நள்ளிரவில் ஏறிய விமானம் விடியும் முன்பே பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறக்கிவிட்டது. வெளிநாட்டுக்குத் தனியாக வருவது எனக்கு இதுதான் முதல் முறை. கிளம்பும்போது அம்மா நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "மார்கழி மாசத்துல, துணைக்கு ஒருத்தரும் இல்லாம என்ன ஊர்ப் பயணம்?" என்று முணுமுணுத்தாள். தீவு, கடற்கரை எல்லாம் அப்புறம், முதல் நாள் சாமிக்குத்தான் என்று சொன்ன பிறகே கொஞ்சம் சமாதானமானாள்.

விடுதியில் மதியம் இரண்டு மணிக்குத்தான் அறை தருவார்களாம். பையை அங்கேயே வைத்துவிட்டு, முகம் கழுவி, வேறு உடை மாற்றிக்கொண்டு மெட்ரோ பிடித்தேன். சாம் யோட் நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிட நடை. வழியெல்லாம் புத்தர் சிலைக் கடைகள். ஆள் உயரத்துக்கும் மேலான பொன்னிறப் புத்தர்கள் நடைபாதை ஓரத்தில் பிளாஸ்டிக் தாள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பிக்குகளுக்குத் தானம் கொடுப்பதற்கென்று சோப்பு, பற்பசை, துண்டு எல்லாம் வைத்துக் கட்டிய காவி நிற வாளிகள் அடுக்கி இருந்தன.

தெரு முடிவில் நின்றது அந்தச் சிவப்பு ஊஞ்சல். சாவ் சிங் சா. பலகை இல்லை, கயிறு இல்லை, இருபது மீட்டருக்கும் மேல் உயரமான தேக்குச் சட்டம் மட்டும். இப்போது நிற்பது 2007-இல் புதிதாகச் செய்து நிறுத்தியது. முன்பெல்லாம் திருவிழாவில் பிராமணர்கள் இதில் ஏறி உந்தி ஆடி, எதிரே மூங்கில் கம்பத்தில் கட்டிய காசுப்பையைப் பல்லால் கவ்வி எடுப்பார்களாம். விழுந்து உயிர்விட்டவர்களும் உண்டு. 1935-க்குப் பிறகு அந்த ஆட்டம் இல்லை.

ஆனால் விழா நிற்கவில்லை. அதன் பெயருக்காகத்தான் நான் வந்தேன். திரியம்பவாய், திரிபவாய். நம் திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் தாய்லாந்துக்காரர்களின் நாக்கில் இப்படித் திரிந்திருக்கின்றன. முதலில் ஈசன் பூமிக்கு இறங்கி வரும் நாட்கள், அப்புறம் திருமால் வரும் நாட்கள் என்று ஆண்டுதோறும் அரசவைப் பிராமணர்கள் இன்றும் நடத்துகிறார்கள். அப்போது அவர்கள் ஓதுவது தமிழ்ப் பாடல்கள். தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்ததில் ஒலி மாறி, நம் காதுக்கே பிடிபடாத அளவு ஆகிவிட்டதாம். தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் 1950களிலேயே இதைத் தேடி வந்து எழுதியிருக்கிறார். பொருள் தெரியாமல் போன பிறகும் ஒரு பாட்டை விடாமல் காத்து வந்தவர்களை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

ஊஞ்சலிலிருந்து நாலு எட்டில் தேவசதான். தேவஸ்தானமேதான். 1784-இல் தாய்லாந்து மன்னர் முதலாம் ராமர் காலத்தில் கட்டியது. கோபுரம் இல்லை, கொடிமரம் இல்லை. சுண்ணாம்பு வெள்ளையில் மூன்று சந்நிதிகள்: ஈசன், பிள்ளையார், நாராயணன். இங்கே பிள்ளையாருக்கு 'ப்ர பிக்கனேட்' என்று பெயர். விக்னேசன் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தால் புரிந்துவிடும்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஈசன் சந்நிதிக்குள் போனேன். லிங்கத் திருமேனியையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நின்றபடி அருளும் அந்தச் சிவன் சட்டென்று பிடிபடவில்லை. வெள்ளை உடுத்த பாட்டி ஒருத்தி கால்களை ஒரு பக்கமாக மடித்து உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் தயங்கி நிற்பதைப் பார்த்து, தன் பக்கத்துத் தரையை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினாள். போய் உட்கார்ந்தேன். தன் தட்டிலிருந்த சாமந்திச் சரத்தில் ஒன்றை என் கையில் வைத்தாள். நாரில்லாமல் ஊசி நூலில் கோத்த சரம், நீர் தெளித்துச் சில்லென்று இருந்தது.

சின்ன வயதில் மாயவரத்தில், மார்கழிக் குளிரில், அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டு பாடியது தானாக வந்தது. "ஆதியும் அந்தமும் இல்லா அரும்பெருஞ் சோதியை..." மெல்லத்தான் பாடினேன். ஒருத்தியை ஒருத்தி எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகிற பாட்டு அது. அண்ணாமலையில் மணிவாசகர் பாடிய இருபதிலும் பெண்கள் கூட்டமாகத்தான் இருப்பார்கள், தனியாக ஒருத்தியும் இல்லை. அந்த நினைப்பு வந்ததும் தொண்டை அடைத்தது. முதல் பாட்டே முடியவில்லை. பாட்டி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் முழங்கால் என் முழங்காலைத் தொட்டது. அவள் எழுந்து போகும் வரை அப்படியே இருந்தோம்.

வெளியே வந்து ஊஞ்சல் நிழலில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். ஊரில் அப்போது காலை பத்தரை.

"சாப்டியா?"

"இன்னும் இல்லம்மா. ஈசனைப் பார்த்தேன். திருவெம்பாவை பாடினேன், பாதியில நின்னுடுச்சு."

"எங்க நின்னுச்சு?"

"யாம்பாடக் கேட்டேயும்..."

கரண்டியை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு அம்மா எடுத்தாள்: "வாள்தடங்கண் மாதே வளருதியோ..."