அழகர்மலை ஏறுவோம், வாருங்கள்

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அழகர்கோவிலில் இருந்து நூபுர கங்கை வரை நடக்கிறோம். நோயாளிகளை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பராமரிக்கும் எங்கள் அமைப்பின் பணிக்கு நிதி திரட்டத்தான். ஒவ்வொருவரும் சொந்தபந்தங்களிடம் "மலை ஏறுகிறேன், முடிந்ததைக் கொடுங்கள்" என்று உரிமையோடு கேட்டு வாங்குகிறோம்.

பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருப்பவர்களை மேலூர், ஒத்தக்கடை பக்கத்துக் கிராமங்களில் போய்ப் பார்க்கிறோம். போன வாரம் ஒரு வீட்டில், கணவரைப் புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்று எங்கள் செவிலியர் அக்கா அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், ராத்திரியும்தான். குதிகால் படுக்கையில் அழுந்தாமல் இருக்கக் கெண்டைக்காலுக்கு அடியில் மடித்த துணி. அந்த அம்மா தன் பழைய நூல் சேலையை எடுத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் நீவி நீவி மடித்தார். படுக்கைப் புண் வந்துவிட்டால் ஆற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. காற்று மெத்தை பெரிய உதவி. ஆனால் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய்தான். அதில் மருந்து வாங்குவார்களா, டயப்பர் வாங்குவார்களா? இப்படி ராப்பகலாகப் பார்த்துக்கொள்பவர்களிடம் "நீ சாப்பிட்டியா" என்று கேட்கக்கூட ஆள் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, மலை நடை விஷயத்துக்கு வருகிறேன். தார் ரோட்டில்தான் நடை. 2018இல் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததை மறக்க முடியுமா, அதனால் காட்டுக்குள் யாரும் இறங்கக் கூடாது. பழமுதிர்சோலையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். குரங்குகள் பிடுங்கும், கையில் பை வேண்டாம்.

வர முடியாதவர்கள், வீட்டில் சக்கர நாற்காலி, வாக்கர் சும்மா கிடந்தால் சொல்லுங்கள். நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.