ஏழாவது கேள்வியை மாற்ற ஆறு மாதம் ஆனது

எனக்கு ஆட்டிசம் என்று தெரியவந்தபோது வயது 33. அதற்குப் பிறகு இரண்டு ஆய்வுகளில் பங்கேற்பாளராகப் போயிருக்கிறேன். கேள்வித்தாளை நிரப்பு, வீடியோவில் இருப்பவருக்குக் கோபமா வருத்தமா என்று சொல், நன்றி, போய் வா. அதில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று ஒரு வரிகூட வந்ததில்லை. அதனால், தெரிந்த ஒருவர் "இது வேற மாதிரி, நம்மளையும் குழுவுல சேர்த்துக்கிறாங்களாம்" என்று ஓர் அழைப்பை அனுப்பியபோது எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆட்டிசம் உள்ளவர்களும் அவர்களோடு வேலை செய்பவர்களும் ஒருவரையொருவர் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. சேருவதற்கு முன் மூன்று கேள்வி எழுதி அனுப்பினேன்: எங்கள் நேரத்துக்குப் பணம் உண்டா, நாங்கள் சொன்னால் எதையாவது மாற்றுவீர்களா, முடிவுகளை முதலில் எங்களிடம் சொல்வீர்களா. மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் வந்தது.

முதல் கூட்டம் ஜூமில் இரண்டு மணி நேரம், 12 பேர். பேசப்போகும் விஷயங்களின் பட்டியல் பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் வந்தது. ஒருவர் ஸ்லைடுகளை ஓட்டிக்கொண்டே போய், "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டு, மூன்று நொடி பார்த்துவிட்டு, அடுத்த ஸ்லைடுக்குத் தாவினார். எனக்கு அந்தக் கேள்வி உள்ளே போய், பதிலாக மாறி, வாய் வரைக்கும் வர மூன்று நொடி எந்த மூலைக்கு? மறுநாள் வந்த கூட்டக் குறிப்பில் "குழு ஏற்றுக்கொண்டது" என்று இருந்தது. நான் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை, வெறுமனே மௌனமாக இருந்தேன். சமூகத் தொடர்பை ஆராய வந்தவர்களுக்கு இந்த மௌனம் புரியவில்லை என்பதை நினைத்து அன்றைக்கு எனக்குச் சிரிப்புதான் வந்தது.

குழுவிலிருந்த இன்னொருவர் எனக்குத் தனியாக ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கரின் ஏணிப் படத்தை அனுப்பினார். முடிவெடுப்பதில் மக்களுக்கு எவ்வளவு பங்கு தருகிறார்கள் என்பதைப் படிப்படியாகக் காட்டும் அந்த ஏணி, மக்கள் பங்கேற்பைப் பற்றி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் எழுதிய கட்டுரையில் வருவது, மொத்தம் 8 படி. கீழிருந்து 4-ஆவது படி 'கலந்தாலோசனை': கேட்பார்கள், முடிவு அவர்களுடையது. நாம் அங்கேதான் நிற்கிறோம் என்று எழுதியிருந்தார். (அந்த ஏணியில் 2-ஆம் படியின் பெயர் 'சிகிச்சை'. அதைப் படித்து இருவரும் ரொம்ப நேரம் சிரித்தோம், எங்களை எப்போதும் 'சரிசெய்ய' வேண்டியவர்களாகவே பார்ப்பார்கள் என்பதால்.)

நான் ஆய்வாளர்களுக்கு ஒரு நீளமான மெயில் போட்டேன். அமெரிக்காவில் 2006-இலிருந்து ஆஸ்பயர் என்றொரு அமைப்பு ஆட்டிசம் உள்ளவர்களையும் கல்வித்துறை ஆய்வாளர்களையும் சம பங்காளிகளாக வைத்து வேலை செய்கிறது, அவர்களுடைய வழிகாட்டுதல்கள் 2019-இல் வெளிவந்தன, அதையும் இணைத்தேன். ஒரு வாரம் பதில் இல்லை. அந்த வாரம் முழுக்க என் மெயிலையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன், எந்த வரி முரட்டுத்தனமாகப் போயிருக்கும் என்று. கடைசியில் ஆய்வுத் தலைவர், "நாங்கள் தவறாக நடத்திவிட்டோம், எப்படி நடத்தலாம் சொல்லுங்கள்" என்று எழுதினார். எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை வந்தது அப்போதுதான்.

அதன்பின் ஐந்து நாள் முன்னால் கோப்பு வந்துவிடும். எதை முடிவு செய்யப்போகிறோம் என்பது கேள்வியாகவே எழுதப்பட்டிருக்கும். கேமரா கட்டாயமில்லை, சாட்டில் எழுதினாலும் பேசியதாகவே கணக்கு, கூட்டம் முடிந்து ஒரு வாரம் வரைக்கும் கருத்து சேர்க்கலாம். எல்லாம் சுமுகமாகப் போனது என்று நினைக்காதீர்கள், எங்களுக்குள்ளேயே ஒருவர் வசதி இன்னொருவருக்குத் தொல்லையாக இருந்தது. எனக்கு சாட் இல்லாமல் முடியாது. இன்னொருவருக்கு ஓரத்தில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தால் காதில் எதுவும் ஏறாது. வரிசையாக ஒவ்வொருவராகப் பேசலாம் என்று வைத்தோம், ஒருவருக்குத் தன் முறைக்காகக் காத்திருப்பதே நெஞ்சைப் படபடக்க வைத்தது. கடைசியில் சாட்டை மூடி வைக்க விரும்புபவர் மூடிக்கொள்ளலாம், ஒருவர் அவ்வப்போது நிறுத்தி அதில் வந்ததைப் படிப்பார், வரிசையில் 'பாஸ்' சொல்லலாம், காரணம் கேட்கக் கூடாது என்று முடிவானது. இந்த ஏற்பாடு கூடிவரவே நாலு கூட்டம் ஆனது.

சரி, ஏழாவது கேள்வி. "மற்றவர்களின் உணர்ச்சியைப் புரிந்துகொள்ள நீங்கள் எவ்வளவு சிரமப்படுகிறீர்கள்?" ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கேள்வி. இதையே எதிர்ப்பக்கமும் கேளுங்கள், ஆட்டிசம் உள்ள உங்கள் சக ஊழியரின் உணர்ச்சி உங்களுக்கு எவ்வளவு புரிகிறது என்று, இதுதான் நாங்கள் சொன்னது. ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-இல் 'இரட்டைப் பரிவுச் சிக்கல்' என்று பெயர் வைத்ததே இதற்குத்தான், புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஒரு பக்கத்துக்கு மட்டும் நோயின் பெயர் வைத்திருக்கிறோம். 2017-இல் வந்த இன்னோர் ஆய்வையும் காட்டினோம்: ஆட்டிசம் உள்ளவர்களைச் சில நொடி வீடியோவில் பார்த்தவர்கள், மற்றவர்களைவிட இவர்களோடு பழக விருப்பம் குறைவு என்றார்கள், அதே ஆட்கள் பேசியதை எழுத்தாக மட்டும் கொடுத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது.

ஆய்வாளர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் ஆய்வு பங்கேற்பவர்களைப் பாதிக்குமா என்று பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு பழைய கேள்வித்தாளுக்கு ஏற்கெனவே அனுமதி கொடுத்துவிட்டதால் ஒரு வரி சேர்க்கவும் புது விண்ணப்பம், புது ஒப்புதல் படிவம், காத்திருப்பு. இதில் மாட்டிக்கொண்டது ஆய்வாளர்களோடு இருந்த முனைவர் பட்ட மாணவி. உதவித்தொகைக்குக் கெடு இருக்கிறது, எங்களால் அவருக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போனது. ஒரு கூட்டத்தில் அவர் குரல் உடைந்தது எனக்கே கேட்டது (எனக்கே என்றால் பாருங்கள்). நாங்கள் கேட்டது சரிதான், அந்தப் பெண்ணுக்கு நடந்தது சரியில்லை, இரண்டையும் நான் இன்னும் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியாமல்தான் இருக்கிறேன்.

நடுவில் எங்களுக்கும் ஒரு குட்டு விழுந்தது. 2020-இல் வந்த ஓர் ஆய்வை நாங்கள் வேத வாக்காகச் சொல்லிக்கொண்டிருந்தோம். காதோடு காதாகச் செய்தி கடத்தும் விளையாட்டு மாதிரி 8 பேர் கொண்ட வரிசைகளில் ஒரு கதையைக் கடத்தினார்கள், மொத்தம் 72 பேர். எல்லோரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்தாலும், எல்லோரும் இல்லாதவர்களாக இருந்தாலும் கதை நன்றாகவே போய்ச் சேர்ந்தது, கலந்த வரிசையில்தான் வேகமாகத் தேய்ந்தது. பிறகு அதையே 311 பேரை வைத்துச் செய்து 2025-இல் வெளியிட்டார்கள். இந்தத் தடவை கலந்த வரிசையிலும் வித்தியாசம் இல்லை. அதைக் குழுவில் போட்டது மாணவிதான். சிலருக்குக் கோபம் வந்தது, எனக்கும் கொஞ்சம். ஆனால் பிடித்த முடிவை மட்டும் பிடித்துக்கொள்வதாக இருந்தால் நான் எதற்கு ஆய்வுக்குழுவில் உட்கார வேண்டும்? தவிர, கூட இருப்பவருக்கு ஆட்டிசம் இருக்கிறதா இல்லையா என்று முன்கூட்டியே சொன்னபோது இணக்கம் கூடியது என்றும் அதில் இருந்தது. அதை வைத்து எங்கள் ஆய்வில் ஒரு பகுதியையே மாற்றினோம்.

பணம் நாலு மாதம் கழித்து வந்தது. அதற்கு முன் பரிசுக் கூப்பன் தரலாமா என்று கேட்டார்கள், மாட்டோம் என்றோம். வாயால் பேசாமல் டேப்லெட்டில் தட்டச்சு செய்து பேசும் ஒருவர்கூடக் குழுவில் இல்லை என்பது எட்டாவது மாதம் வரைக்கும் யாருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான். அவர் வந்த முதல் கூட்டத்தில் கேட்டது, "இதில் எத்தனை கேள்வி, பேசுகிறவருக்கு மட்டும் பொருந்தும்?" எண்ணிப் பார்த்தோம். 11.

இப்போது கேள்வித்தாளில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு 7அ, அவர்களோடு வேலை செய்பவர்களுக்கு 7ஆ என்று இரண்டு இருக்கிறது. முன்னோட்டமாகச் சிலரிடம் நிரப்பச் சொன்னபோது 7ஆ-வைக் காலியாக விட்ட ஒருவர் ஓரத்தில் எழுதியிருந்தார்: "இதை நான் யோசித்ததே இல்லை, நாளைக்குச் சொல்லலாமா?" சொல்லலாம் என்று பதில் அனுப்பச் சொன்னேன், ஒரு வாரம் வரைக்கும் நேரம் இருக்கிறதே.