ஐம்பதாவது நிமிடம்

"இன்றைக்கு நம் நேரம் முடிந்தது. அடுத்த செவ்வாய் பார்க்கலாமா?" என்றார் உளவியலாளர்.

அப்பாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியதை அலைபேசியில் பார்த்தேனே, அதை அப்போதுதான் சொல்லத் தொடங்கியிருந்தேன். சுவர்க் கடிகாரத்தில் 4.50. டிஷ்யூவைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தேன். சிட்னியில், வென்ட்வொர்த்வில் ஸ்டேஷன் பக்கம் காருக்குள் உட்கார்ந்து அரைமணி நேரம் அழுதேன். துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். அழுகிறவள் எதிரில் இருக்கும்போது நம்மூரில் யாராவது மணி பார்ப்பார்களா?

அப்பா போனது 2021 மே மாதம். கொரோனாவால் 2020 மார்ச்சிலிருந்தே ஆஸ்திரேலியாவில் குடியுரிமை உள்ளவர்கள்கூட அனுமதி வாங்காமல் நாட்டை விட்டுப் போக முடியாமல் இருந்தது. விண்ணப்பம் போட்டேன். பதில் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நவம்பர் 1ஆம் தேதி கதவு திறந்தபோது கருமாதி முடிந்தே ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதன்பிறகும் வேலை, பிள்ளைகள், வீட்டுக்கடன் என்று ஓடிக்கொண்டுதான் இருந்தேன். 2023இல் தூக்கம் சுத்தமாக விட்டுப்போனது.

இங்கே கவுன்சலிங் போக நினைப்பவர்கள் முதலில் குடும்ப மருத்துவரிடம் போங்கள். நீண்ட அப்பாயின்ட்மென்ட் கேட்டு வாங்குங்கள், அவசரத்தில் இதைச் சொல்ல முடியாது. அவர் கே10 என்ற, மன உளைச்சலை அளக்கும் தாளைக் கொடுத்தார். கடந்த 4 வாரங்களைப் பற்றி 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். தக்க காரணமில்லாமல் களைத்துப்போனது எத்தனை முறை என்பது முதல் கேள்வி. எனக்குத்தான் காரணம் இருந்ததே! பேனாவோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

பிறகு அவர் மனநல சிகிச்சைத் திட்டம் எழுதி, உளவியலாளருக்குக் கடிதம் கொடுத்தார். அதை வைத்து ஓர் ஆண்டில் 10 அமர்வுகள் வரை மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு ஒரு பகுதிப் பணத்தைத் திருப்பித் தரும். முதல் கடிதத்தில் அதிகபட்சம் 6. அதன்பின் மீண்டும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மீதிப் பணம் நம் கையிலிருந்து.

உளவியலாளரிடம் முதல் நாள் கையெழுத்துகளும் கேள்விகளும்தான். நாம் சொல்வது வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகளை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். மாத்திரை எழுதமாட்டார்கள், அது மருத்துவர்கள் வேலை. பெரியம்மா மாதிரி "இப்படிச் செய்டி" என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று ஏங்கிப் போயிருந்தேன். இவரோ, என்ன மாறினால் உங்களுக்கு நிம்மதி என்று கேட்டார். அந்தக் கேள்வியை வாரம் முழுக்கச் சுமந்தேன்.

தமிழ் உளவியலாளர் வேண்டாம் என்று நான்தான் ஒதுக்கினேன். மேஸ் ஹில் முருகன் கோயிலில் எதிரே வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். அது தேவையில்லாத பயம். தமிழராக இருந்தாலும் அதே ரகசியக் கட்டுப்பாடுதான். ஆங்கிலத்தில் எல்லாமே 'ஃப்யூனரல்'. எடுப்பு வேறு, பால் தெளிப்பு வேறு, பதினாறாம் நாள் வேறு, ஒவ்வொன்றிலும் நான் இல்லாமல் போனது தனித்தனி வலி என்று விளக்கவே இரண்டாம் அமர்வில் பாதி போனது. அவர் ஆசையாகச் சொல்லிப் பார்த்தார்: "கர்மாட்டி." அந்த அறையில் நான் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

கடிகாரக் கோபத்தையும் நான்காம் அமர்வில் அவரிடமே சொல்லிவிட்டேன். நீங்களும் சொல்லிவிடுங்கள், அவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. அவர் பேனாவை வைத்துவிட்டு முழுதாகக் கேட்டார். அன்றிலிருந்து 4.40க்கே "இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது" என்று சொல்லிவிடுவார். கனமானதை முதலில் எடுத்து வைக்க நானும் பழகினேன். இப்போது தூக்கம் வருகிறது. 4.50 ஆனால் எழுந்துவிடுகிறேன், உறுத்தவில்லை.

ஆனாலும் படியிறங்கும்போது ஆயா செத்த ராத்திரி ஞாபகம் வரும். கூடத்தில் பாய் விரித்து, சித்தி என் தலையை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பால்காரர் மணியடித்தபோதுதான் கால் மரத்துப்போனதைச் சொன்னாள்.

போன செவ்வாய்க்கிழமை காரில் உட்கார்ந்ததும் அவளைக் கூப்பிட்டேன். அங்கே மதியம் பன்னிரண்டரை, உலை கொதிக்கிற நேரம்.

"என்னடி, குரல் ஒரு மாதிரியா இருக்கு?"

"ஒண்ணுமில்ல சித்தி. அப்பாவைப் பத்திப் பேசணும் போல இருந்துச்சு."

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.