முதல் ஆன்டெனா: மொட்டை மாடியில் 40 மீட்டர் இன்வெர்டட் வி

ஹாம் ரேடியோ லைசென்ஸ் கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது எந்த ரிக் (ரேடியோ செட்) வாங்கலாம் என்றுதான். பழைய ரிக்கே போதும். மீதிக் கவனமெல்லாம் ஆன்டெனாவில் இருக்கட்டும். பகலில் சென்னையிலிருந்து மதுரை, கோவை பேச 40 மீட்டர் பேண்ட், அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, வசதி. அதற்கு இரண்டு துண்டு வயரும் ஒரு கம்பமும் இருந்தால் ஆயிற்று. கம்பத்தின் உச்சியிலிருந்து இரண்டு வயரும் இரு கைகள் போல, தலைகீழ் V மாதிரி சரிந்து இறங்கும்; அதுதான் இன்வெர்டட் வி.

வயரின் மொத்த நீளத்துக்கு 143-ஐ 7.1 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் 20.14 மீட்டர், அதாவது ஒரு கைக்கு 10.07. இது உறையில்லாத கம்பிக்கு. கடையில் வாங்கும் 1.5 ஸ்கொயர் எம்.எம். வீட்டு வயருக்கு பி.வி.சி. உறை உண்டு; அதனால் இரண்டு மூன்று சதவீதம் குட்டையாகவே ரெசனன்ஸ் (வயர் அந்த அலைவரிசைக்குச் சரியாகப் பொருந்தும் நிலை) வந்துவிடும். இருந்தாலும் 10.3 மீட்டராகவே வெட்டுங்கள். குறைப்பது சுலபம், ஒட்டுப் போடுவதுதான் தலைவலி.

நடு உச்சி 8, 9 மீட்டர் உயரம், கைகளுக்கு இடையே சுமார் 120 டிகிரி, நுனிகள் ஆள் கைக்கு எட்டாதபடி 3 மீட்டருக்கு மேல். பேசும்போது நுனியில் வோல்டேஜ் அதிகம், தொட்டால் சுடும். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஈ.பி. லைனில் படக்கூடாது, இதில் மட்டும் சமரசமே வேண்டாம்.

ரிக்கிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிள் உச்சியில் இரண்டு கைகளோடும் சேரும் இடம்தான் ஃபீட் பாயின்ட். அதற்கு நேர் கீழே, 2.4 அங்குல 31 மிக்ஸ் (ஒரு வகைக் கலவை) ஃபெரைட் வளையத்தில் கோஆக்ஸை 10, 12 சுற்று சுற்றுங்கள். பலர் இதை விட்டுவிட்டு, மைக்கைத் தொட்டால் சுருக்கென்கிறதே என்று ரிக்கைக் குறை சொல்கிறார்கள். கோஆக்ஸின் வெளிப்பக்கமாக ஆர்.எஃப். (ரேடியோ அலை மின்சாரம்) இறங்கி ரேடியோ அறைக்குள் வருவதுதான் காரணம்.

இனி டியூனிங். குறைந்த பவரில் 7.0-லும் 7.2-லும் எஸ்.டபிள்யூ.ஆர். பாருங்கள்; அனுப்பும் பவரில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு அது, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. 7.0-ல் குறைவாகவும் 7.2-ல் கூடுதலாகவும் இருந்தால் வயர் நீளம். இரண்டு கையிலும் 10 செ.மீ. குறைத்தால் சுமார் 70 கிலோஹெர்ட்ஸ் மேலே ஏறும். வெட்டாதீர்கள், நுனியை மடித்து அந்த வயர் மேலேயே இறுக்கிச் சுற்றினால் வெட்டியதற்குக் கிட்டத்தட்ட சமம், பிடிக்காவிட்டால் அவிழ்த்துவிடலாம். நானோ வி.என்.ஏ. (ஆன்டெனாவை அளக்கும் சின்னக் கருவி) இருந்தால் பாதி நேரம் மிச்சம். 1.5-க்குக் கீழே வந்ததும் விட்டுவிடுங்கள். 1.1-க்காக நாள் முழுக்க மாடி ஏறி இறங்குவது வீண். அந்த வித்தியாசம் எதிர்முனையில் இருப்பவர் காதில் விழாது.

கடைசியில் ஆளைக் கவிழ்ப்பது மழைத் தண்ணீர். கோஆக்ஸைப் பிரித்து சோல்டர் வைத்த இடத்தில் பின்னல் கம்பி திரி மாதிரி தண்ணீரை உறிஞ்சும். செல்ஃப் அமால்கமேட்டிங் டேப்பை (தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்) நன்றாக இழுத்து, பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்றி, வெயில் தாங்க மேலே இன்சுலேஷன் டேப். ஜன்னலுக்கு வெளியே கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். மழைக்காலம் முடிந்ததும் எஸ்.டபிள்யூ.ஆர். பேண்ட் முழுக்கத் தட்டையாக அழகாகக் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். நனைந்த கேபிள் பவரை விழுங்குகிறது, திரும்பி வருவதையும் விழுங்குகிறது. மீட்டருக்கு அது தெரியாது. மேல் முனையில் உறையைச் சீவிப் பாருங்கள். பின்னல் பச்சை பூத்தோ கறுத்தோ இருந்தால், செம்பு பளபளவென்று தெரியும் இடம் வரை வெட்டிவிட்டு மறுபடி சோல்டர் வைக்க வேண்டியதுதான்.